மீண்டு வந்தவனுக்கு வீடு எங்கே?

போரைப் பாடிய தமிழிலக்கியம் பெரிது. போரிலிருந்து வீடு திரும்பியவனைப் பற்றிய தமிழிலக்கியமோ மிகச் சிறிது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் தற்செயலாக ஏற்பட்டதன்று. அதன் காரணத்தை ஆராய்வதும், தேயிலை மலைகளில் நின்று நோக்கும்போது அது எத்தகைய பொருளைப் பெறுகின்றது என்று காண்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். அட்டன், நுவரெலியா வட்டாரப் பாடசாலைகளில் தமிழ் கற்பிக்கும் நம்மைப் போன்றோருக்கு இது வெறும் இலக்கிய வரலாற்று வினாவாக நின்றுவிட முடியாது. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவுற்ற போர், மலைநாட்டு மக்களின் பிள்ளைகளையும் தன்னுள் இழுத்துக்கொண்ட போராகும்.

முதலில் முல்லைப்பாட்டை எடுத்துக்கொள்வோம். காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார் பாடிய இது 103 அடிகளையுடையது. பத்துப்பாட்டுள் அளவாற் சிறியது. பாசறையிலே அரசன் உறக்கமின்றிக் கிடக்கின்றான். துதிக்கை வெட்டுண்ட யானைகளும், செஞ்சோற்றுக்கடன் கழித்து மாண்ட மறவரும், அம்பு தைத்த புண்ணோடு தீனி கொள்ளாது நிற்கும் குதிரைகளும் அவன் நெஞ்சில் வந்து வந்து நிற்கின்றன. களம் கண்டவனுக்கு உறக்கம் பகையாகிவிடும் என்ற உண்மையை ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு தமிழ்ப் புலவர் உணர்ந்து சொல்லியிருக்கின்றார். ஆனால் அவருடைய பாட்டு எங்கே முடிகின்றது? தலைவனின் தேர்க்குதிரைகள் வரும் ஆரவாரம் தலைவியின் செவியில் விழும் இடத்தில் முடிகின்றது. பாசறையில் உறங்காதவன் இல்லத்தில் உறங்கினானா? நள்ளிரவில் அவன் திடுக்குற்று விழித்தபோது அவள் என்ன செய்தாள்? புலவர் சொல்லவில்லை. திணை இலக்கணம் அவரைச் சொல்ல விடவில்லை. முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல். தலைவன் வந்துவிட்டால் இருத்தல் முடிந்தது. அதனோடு பாட்டும் முடிந்தது.

புறநானூற்றின் 281ஆம் பாட்டு இதற்குச் சற்று அப்பாற் செல்கின்றது. அரிசில்கிழார் பாடியது அது. புண்பட்டுக் கிடக்கும் வீரனைக் காப்பதற்காக மனையிலே வேப்பிலையும் இரவமரத்தின் இலையும் செருகப்படுகின்றன, யாழும் பிற கருவிகளும் ஒலிக்கின்றன, வெண்கடுகு சிதறப்படுகின்றது, குழல் ஊதி, மணி அடித்து, காஞ்சிப் பண் பாடி, வீடெங்கும் நறும்புகை எழுப்புகின்றனர். காத்து நிற்கும் பெண் தன் தோழியையும் துணைக்கு அழைக்கின்றாள். புண்பட்டவனைப் பேணுவது ஒருத்தியின் தனிச்சுமையாகாது, வீடும் அயலும் கூடிச் செய்யவேண்டிய பணி என்னும் உயர்ந்த உணர்வு இப்பாட்டில் உண்டு. எனினும் அது உடலிற் பட்ட புண். அந்த வீரனும் வேந்தனுக்கு உற்ற இடரைத் தாங்கிய பெருமகன். பெயரற்ற காலாளின் புண்ணுக்கு யாழ் மீட்டியவர் யார் என்பதை நாம் அறிய வழியில்லை.

பன்னிரண்டாம் நூற்றாண்டிற் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியிலோ கடைதிறப்பு என்றே ஒரு பகுதி அமைந்துள்ளது. போருக்குச் சென்ற கணவர் மீளக் காலந் தாழ்த்தினார் என்று ஊடிக் கதவடைத்த மகளிரை, கதவைத் திறக்குமாறு வேண்டும் பகுதி அது. மீண்டவனுக்கு முன்னே கதவு மூடிக்கிடக்கின்றது என்ற காட்சி நம் இலக்கியத்தில் இவ்வாறு இன்பச்சுவைக்கு உறுப்பாகிவிட்டது. அரசனின் வெற்றியைப் பாட அமைந்த நூல், படைவீரனின் வீட்டை அலங்காரமாகவே கண்டது. சுருங்கச் சொன்னால், பழைய இலக்கியம் மீண்டவனை வாயில்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு விடைபெற்றுக்கொண்டது. வாயிலுக்கு உட்புறம் எழுதப்படாமலே கிடந்தது.

* * *

மூடிய கதவு இன்பச்சுவையை இழந்து, நூற்றாண்டின் துயரமாக மாறியதை ஜெர்மனியில் காண்கின்றோம். வூல்ஃப்காங் போர்ஹெர்ட் என்னும் இளைஞர் இரண்டாம் உலகப் போரிற் படையாளாய் நின்று நோயாளியாய் மீண்டவர். அவர் எழுதிய ‘கதவுக்கு வெளியே’ என்னும் நாடகம் 1947இல் வானொலியில் ஒலித்தது. அதே ஆண்டு நவம்பரில் அது ஹாம்பர்க் நகரில் முதன்முதலாக மேடையேறியதற்கு முந்திய நாள் அவர் இறந்துபோனார். வயது 26. சைபீரியச் சிறையிலிருந்து மீளும் அவருடைய நாயகன் ஒவ்வொரு கதவாகத் தட்டுகின்றான். மனைவியின் பக்கத்தில் வேறொருவன் இருக்கின்றான். தாய்தந்தையரின் வீட்டுக் கதவை முன்பின் அறியாத ஒருத்தி திறக்கின்றாள். பெற்றோர் மாண்டுவிட்டனர், வீடு கைமாறிவிட்டது. அவன் கனவிலே வந்து வருத்தும் இறந்த தோழர்களும், அவன் கண்ணெதிரே கைமாறிப்போன வீடும் இந்நாடகத்தில் ஒன்றாகவே வருகின்றன என்பதை நாம் கவனிக்கவேண்டும். உள்ளத்தின் புண்ணையும் கூரையின் இழப்பையும் போர்ஹெர்ட் வெவ்வேறாகப் பிரிக்கவில்லை.

மருத்துவ அறிவியல் இவ்வுண்மையை அடையப் பல பத்தாண்டுகள் தேவைப்பட்டன. 1915இல் ஆங்கில மருத்துவர் சார்ள்ஸ் மயர்ஸ் முதலாம் உலகப் போரின் வீரர்களிடம் கண்ட நோய்க்குக் குண்டதிர்ச்சி என்ற பெயரை ஏட்டில் எழுதினார். வியட்னாம் போரிலிருந்து மீண்டவர்களின் நிலை, 1980இல் அமெரிக்க உளமருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் புதியதொரு பெயருக்கு இடம்பெற்றுத் தந்தது. ஈழத்து நிலைமையை ஆராய்ந்த உளமருத்துவர் தயா சோமசுந்தரம் இன்னும் ஒருபடி மேலே சென்றார். போரின் மனவடு தனியாளின் மூளைக்குள் மட்டும் கிடப்பதன்று, குடும்பத்தின் மீதும் ஊரின் மீதும் சமுதாயத்தின் மீதும் விழுந்த வடு அது என்று அவர் நிறுவினார். ஆகவே, மீண்டவனைப் பற்றி எழுதப்புகும் எழுத்தாளன் அவனுடைய குடும்பத்தையும், குடும்பம் நிற்கும் மண்ணையும் சேர்த்தே எழுதவேண்டியவனாகின்றான்.

தமிழில் அவ்வாறு எழுதத் தொடங்கியவர் ப. சிங்காரம். 1959இல் நூலாக வெளிவந்த ‘கடலுக்கு அப்பால்’ நாவலின் நாயகன் செல்லையா, பினாங்கில் வட்டிக்கடை அடுத்தாளாயிருந்து, இந்திய தேசிய இராணுவத்திற் சேர்ந்து, போர் முடிந்தபின் மீண்டு வருபவன். முதலாளியின் மகள் மரகதமும் அவனும் ஒருவரையொருவர் விரும்புகின்றனர். ஆனால் பட்டாளத்துக்குப் போய் வந்தவன் இனிப் பெட்டியடியில் அமர்ந்து வட்டிக் கணக்குப் பார்க்க ஏற்றவனல்லன் என்பது முதலாளியின் முடிவு. பெண் வேறொருவனுக்கு உரியவளாகின்றாள். இங்கே செல்லையாவை வீட்டுக்கு வெளியே நிறுத்துவது அவனது மனநோயன்று, கடைத்தெருவின் கணக்கு. துப்பாக்கி ஏந்திய கை நிமிர்ந்துவிட்டது என்று முதலாளி அஞ்சுகின்றார். நிமிர்ந்த கை பணிந்து வேலை செய்யாது என்று அவருக்குத் தெரியும். மீண்டவனுக்கும் வீட்டுக்கும் இடையே சொத்து நிற்கின்றது என்பதைத் தமிழ் நாவலில் இவ்வளவு தெளிவாகக் காட்டியவர் சிங்காரமே. எனினும் நாவல் அமைதியான ஆறுதலில் முடிவெய்துகின்றது. செல்லையா தன் காதலை இழந்ததை ஏற்றுக்கொள்கின்றான். அவனை ஏற்க மறுத்த ஒழுங்குமுறை ஆட்டங்காணாமல் நிற்கின்றது.

ஆனால் அதே மலாயாவில் ஆட்டங்கண்ட இடமும் ஒன்றுண்டு. அது இரப்பர்த் தோட்டம். இந்திய தேசிய இராணுவத்திலும் அதன் ஜான்சிராணிப் படையிலும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த தமிழ் ஆண்களும் பெண்களும் திரளாகச் சேர்ந்தனர். அவர்களுடைய உறவினர் பல்லாயிரவர் சயாம் மரண ரயில்பாதையில் மாண்டனர். 1945இல் ஜப்பான் சரணடைந்ததும், எஞ்சியோர் தாம் புறப்பட்ட அதே தோட்டத்து லயங்களுக்குத் திரும்பினர். அணிவகுத்து நடந்தவர்கள் மீண்டும் கங்காணியின் முன்னே கைகட்டி நிற்கவேண்டியிருந்தது. கெடா மாநிலத்தில் 1946இல் எழுந்த தொண்டர் படை இயக்கத்துக்கு இவர்களுள் பலர் உரமாயினர். அணிநடை பழகினர், கள்ளுக்கடைகளின் முன்னே மறியல் செய்தனர், குடித்துவிட்டு மனைவியை அடிப்பவனைத் தட்டிக்கேட்டனர். 1947இல் ஆட்சியாளர் அவ்வியக்கத்தை அடக்கினர். இந்திய தேசிய இராணுவத்திலிருந்து தொழிற்சங்கத்துக்கு வந்து அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரான எஸ். ஏ. கணபதி 1949 மே மாதத்தில் தூக்கிலிடப்பட்டார்.

இவ்வரலாறு இலக்கியத்தை நோக்கி ஒரு வினாவை எழுப்புகின்றது. மீண்டவன் வீட்டோடு இயைந்து வாழவேண்டும் என்று எல்லோரும் சொல்கின்றோம். அந்த வீடு இயைந்து வாழத் தக்கதாக இருக்கின்றதா என்று கேட்டவர் எத்தனை பேர்?

* * *

இரப்பர் மலையிலிருந்து தேயிலை மலைக்கு வருவோம். நமது தோட்டங்களிலும் போருக்குச் சென்று மீண்டவர் கதை பழமையானது. ஆனால் தொடக்கத்தில் அது துரைமாரின் கதை. 1900இல் உருவாக்கப்பட்ட இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை, 1914இல் எகிப்துக்கும் பின்னர் கலிப்போலிக்கும் ஆள் அனுப்பியது, 1949இல் கலைக்கப்பட்டது. போருக்குச் சென்று மீண்ட துரைக்குப் பங்களா இருந்தது, வேலையாட்கள் இருந்தனர், நினைவைப் பகிர்ந்துகொள்ளத் துரைமார் கிளப் இருந்தது. அவன் உள்ளத்திலும் புண் இருந்திருக்கும்; அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் புண்ணை வைத்துக்கொண்டு இருக்க அவனுக்கு ஓர் அறை இருந்தது.

தொழிலாளியின் நிலை என்ன? பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, அதன் முன்னே ஓர் இஸ்தோப்பு. அதுவும் அவனுடையதன்று. வேலை இருக்கும்வரை இருப்பிடம். பற்றுச்சீட்டு கையில் விழுந்த நாளில் இருப்பிடமும் போயிற்று. சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலுக்கு ‘வீடற்றவன்’ என்று பெயரிட்டபோது ஒரு தனிமனிதனின் துயரத்துக்கு மட்டும் பெயர் சூட்டவில்லை. ஒரு மக்கட் கூட்டத்தின் சட்ட நிலைக்கே பெயர் சூட்டினார். சங்கம் அமைக்க முனைந்தவன் இடமிழந்து அலையும் அக்கதை, தோட்டத்தில் நிமிர்ந்தவனுக்குக் கூரை இல்லை என்பதை உணர்த்துகின்றது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அக்கூரைக்கு மேலிருந்த நாட்டையும் பறித்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைக் கடலின் இருகரைக்கும் பங்கிட்டது. இந்நாட்டில் எஞ்சிநின்ற நாடற்றவர்க்கெல்லாம் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.

1977ஆம் ஆண்டு வன்செயல்களின்போதும் 1983 ஜூலையிலும் அடித்து விரட்டப்பட்ட தோட்டத்துக் குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுக் காடுகளை வெட்டிக் குடியேறின. காந்தீயம் அமைப்பு அவர்களுட் பலருக்குக் குடியேற உதவியது. தேயிலையை விட்டுச் சென்றவர்கள் அங்கே நெல்லும் நிலக்கடலையும் பயிரிட்டனர்; காணி உறுதியில்லாமலே பயிரிட்டனர். பின்னர் போர் வந்தது. விரும்பிச் சென்ற பிள்ளைகளும் இருந்தனர். வீட்டுக்கு ஒருவர் என்ற கணக்கில் வலிந்து கொண்டுசெல்லப்பட்ட பிள்ளைகளும் இருந்தனர். போர் முடிந்ததும் ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வு நிலையங்களில் வைக்கப்பட்டுப் படிப்படியாக விடுவிக்கப்பட்டனர். வன்னிக்கு வெளியே, மலைநாட்டிலேயே வாழ்ந்துகொண்டு 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்ப் பிடிபட்டு ஆண்டுக்கணக்காகச் சிறையிருந்து வந்த இளைஞரும் இருக்கின்றனர். துப்பாக்கியைத் தொடாதவனும் போரிலிருந்து மீண்டவனாகவே வீடு வந்த நாடு இது.

புனர்வாழ்வு என்ற சொல்லை மலைநாட்டார் நடுக்கமின்றிச் சொல்ல முடியாது. பண்டாரவளைக்கு அருகிலுள்ள பிந்துனுவெவ முகாம், இளைஞரை வீடு அனுப்புவதற்கென்றே அமைந்த இடமாகும். 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆம் தேதி காலை, பொலிஸார் அவ்விடத்தில் இருந்தபோதே, ஒரு கும்பல் உட்புகுந்து அங்கிருந்த தமிழ் இளைஞருள் 25க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 2003இல் மேல்நீதிமன்றம் ஐவருக்கு மரணதண்டனை விதித்தது. 2005இல் உயர்நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. வீட்டு வாயிலுக்கு வருமுன்பே வெட்டுண்ட இவர்களுக்கு எந்த முல்லைப்பாட்டும் இல்லை.

* * *

2009க்குப் பின் வந்த கலைப்படைப்புகள் மீண்டவனை எவ்வாறு கண்டன? நாவல்களைவிடத் திரைப்படங்களே இத்துறையில் முந்திக்கொண்டன. சிங்கள இயக்குநர் அசோக ஹந்தகம 2012இல் தமிழிலே எடுத்த ‘இனி அவன்’ முதலில் நினைக்கத்தக்கது. புனர்வாழ்வு முடிந்து யாழ்ப்பாணக் கிராமத்துக்குத் திரும்பும் முன்னாள் போராளிக்கு அதிலே பெயரில்லை. அவன் வெறும் ‘அவன்’. 2022இல் காலமான தர்ஷன் தர்மராஜ் அப்பாத்திரத்தை அடக்கத்தோடு நடித்தார். ஊர் அவனை வீரனாக வரவேற்கவில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர் அவனைக் குற்றவாளியாகப் பார்க்கின்றது. அவன் நேசித்தவள் வேறொருவனுக்கு மணமுடிக்கப்பட்டு இப்போது கைம்பெண்ணாக நிற்கின்றாள். அவனுக்குக் காவலாளி வேலை கிடைக்கின்றது. அதனால் முன்னைய காவலாளி வேலையிழக்கின்றான். அவனுடைய மனைவி வந்து நியாயம் கேட்கின்றாள். இந்த ஓரிடத்திலேயே படம் மிக உயரத்தைத் தொடுகின்றது. மீண்டவனின் மன அமைதிக்கு விலை இன்னொரு ஏழையின் சோறு என்னும்போது, குற்றம் தனிமனிதர் எவரிடமும் இல்லை, வேலையைப் பிச்சைபோல் பங்கிடும் அமைப்பிடமே இருக்கின்றது என்பது விளங்கிவிடுகின்றது. பிற்பகுதியில் கதை கள்ளக்கடத்தற்காரரின் உலகுக்குள் வழுவிச் செல்கின்றது. அங்கே பரபரப்பு மிகுகின்றது. எழுப்பிய வினா மெலிகின்றது.

2015இல் கான் திரைப்பட விழாவில் முதற்பரிசு பெற்ற, ஜாக் ஓடியாரின் ‘தீபன்’ இன்னொரு வகையிற் சிந்திக்கவைக்கின்றது. எழுத்தாளர் ஷோபாசக்தி அதில் முன்னாள் போராளியாக நடித்தார். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஒரு சிறுமியும், ஒருவருக்கொருவர் எவ்வுறவுமில்லாதவர்கள், அகதி அனுமதிக்காகக் குடும்பம் போல் நடிக்கின்றனர். பாரிஸ் நகரத்தின் புறத்தே வாழத் தொடங்கியபின் நடிப்புச் சிறிது சிறிதாக மெய்யாகின்றது. குடும்பம் இரத்தத்தால் அமைந்து கிடப்பதன்று, நாள்தோறும் செய்யப்படும் ஒரு வேலை என்ற உண்மை இப்படத்தின் பெறுமதியாகும். ஆனால் இறுதியில் நாயகன் மீண்டும் ஆயுதம் தூக்கியே குடும்பத்தை மீட்கின்றான். போர் தந்த நோய்க்குப் போரையே மருந்தாகக் காட்டும் அம்முடிவை நாம் ஏற்க இயலாது.

படைமுகாமின் மறுபக்கத்திலிருந்து திரும்பியவனையும் நாம் மறக்கலாகாது. பிரசன்ன விதானகேயின் ‘புரஹந்த களுவர’ 1997இல் வந்தது. மூடி முத்திரையிட்ட பெட்டியில் வந்த மகனின் சாவை நம்ப மறுக்கும் சிங்களக் கிராமத்துக் கண்பார்வையற்ற தந்தை அதன் நாயகன். அவருடைய 2003ஆம் ஆண்டுப் படமான ‘இர மதியம’வில், விடுமுறையில் வரும் சிப்பாய் ஒருவன் அனுராதபுரத்து விலைமாதர் விடுதியில் தன் தங்கையையே காண்கின்றான். படைக்கு ஆள் கொடுத்தது வறுமைப்பட்ட சிங்களக் கிராமம்; வன்னிக் காட்டில் ஆள் கொடுத்தது வறுமைப்பட்ட தமிழ்க் குடியேற்றம். இவ்விரு வீடுகளையும் ஒருசேரக் காணும் கண்ணே நமக்கு வேண்டிய கண்.

பெண்ணின் நிலை தனியாக நோக்கத்தக்கது. 2015இல் மறைந்த தமிழினியின் ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ 2016இல் வெளிவந்தது. வெற்றிச்செல்வி முதலியோரும் தம் அனுபவங்களை எழுதியுள்ளனர். களத்திலே பெண்ணுக்குச் சமத்துவம் உண்டென்று பெருமை பேசிய அதே சமுதாயம், அவள் திரும்பியதும் கூந்தலின் நீளத்தை அளந்தது, திருமணச் சந்தையில் விலையைக் குறைத்தது. ஆண் மீண்டால் அவனைத் தாங்க ஒரு மனைவி இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கின்றோம். பெண் மீண்டால் அவளைத் தாங்குபவர் யார் என்று கேட்பதுமில்லை.

* * *

மலையக இலக்கியம் இத்துறையில் என்ன செய்தது? என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ முதலாக நம் சிறுகதையாளர் கொழுந்து மலையையும் பிரட்டுக்களத்தையும் மறக்கமுடியாதபடி எழுதினர். தெளிவத்தை ஜோசப் ‘குடை நிழல்’ நாவலிற் போர்க்காலக் கைதின் இரவுகளைக் குடும்பத் தலைவன் ஒருவனின் உள்ளத்தினூடாகக் காட்டினார். ஆனால் போரிலிருந்து மீண்டு லயத்துக்குள் நுழைபவன் நம் புனைகதையில் இன்னும் ஓரத்திலேயே நிற்கின்றான். அவன் நடுவுக்கு வரவேண்டும். வரும்போது இரண்டு தவறுகள் காத்திருக்கின்றன என்று எச்சரிப்பது விமரிசனத்தின் கடமை.

முதலாவது, எல்லாவற்றையும் உள்ளத்துக்குள் அடைத்துவிடும் தவறு. நாயகன் இருட்டறையில் அமர்ந்து சிகரட் புகைப்பான். பழைய காட்சிகள் மின்னி மறையும். மனைவி கதவோரம் நின்று கண்ணீர் வடிப்பாள். கதை அழகாகவே இருக்கும். அவன் எந்தக் கூரையின் கீழ் அமர்ந்திருக்கின்றான், அக்கூரை யாருக்குச் சொந்தம், அவ்வீட்டில் உழைப்பவர் யார் என்ற வினாக்கள் மட்டும் எழா. இரண்டாவது தவறு நம் முற்போக்கு முகாமுக்குரியது. காணியும் கூலியும் கிடைத்தால் கெட்ட கனவு தானே நீங்கிவிடும் என்று இறுதிப் பக்கத்திற் கொடி உயர்த்தி முடிக்கும் கதைகளை நாம் நிறையப் பார்த்துவிட்டோம். நள்ளிரவில் உடல் வியர்த்து எழுபவனுக்குச் சங்கத் தீர்மானம் உறக்கம் தராது. அவன் செய்த கொலை ஒன்று அவன் நினைவில் இருக்கலாம். அதற்கு வர்க்க விளக்கம் போதாது. மனிதனின் நடுக்கத்தைக் காணக் கூசும் எழுத்து, அவனது உரிமையை எவ்வளவு உரத்துப் பேசினாலும் அவனைக் காணவில்லை.

இரண்டையும் ஒருசேரக் காட்டும் வாய்ப்பை லயம் தன் அமைப்பிலேயே வைத்திருக்கின்றது. மீண்டவன் ஒருவன் தன் பாட்டனார் பிறந்த தோட்டத்து உறவினரின் காம்பராவுக்கு வந்து சேர்வதாக வைத்துக்கொள்வோம். விடியுமுன் அவன் மனைவி எழுந்து ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் பிரட்டுக்கு ஓடவேண்டும். தோட்டத்திற் பெயர் பதியாத அவன் பகல் முழுவதும் இஸ்தோப்பில் அமர்ந்திருக்க, மாலையில் அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவனுக்கும் சேர்த்து அரிசி களைவாள். ஒரு காலத்தில் கட்டளை கேட்டவன், கட்டளை இட்டவன், இப்போது வெற்றிலைக் காசுக்கும் அவள் முகம் பார்க்கவேண்டியவன். இரவு வரும். லயத்தின் சுவர் பொதுச் சுவர். ஒரு வீட்டின் இருமல் மறு வீட்டிற் கேட்கும். அவன் கனவிலே அலறினால் லயம் முழுவதும் விழித்துக்கொள்ளும். பங்களாவில் ஒருவனின் கெட்ட கனவு அவனுடைய அந்தரங்கம். லயத்தில் அது ஊர்ப்பேச்சு. மறுநாள் பிரட்டுக்களத்தில் அதைப் பற்றிச் சிரிப்பவர் இருப்பர். பொலிஸுக்குச் சொல்பவரும் இருப்பர். அவளுடைய கூடையில் ஒரு பிடி கொழுந்தைக் கூட அள்ளிப்போட்டு ஒன்றும் பேசாமற் போகும் பக்கத்து வீட்டு அக்காவும் இருப்பாள். மெல்லிய சுவர் அவமானத்தையும் கொண்டுவரும், துணையையும் கொண்டுவரும். அரிசில்கிழார் பாடிய வீட்டில் தோழி வந்து நின்றாளல்லவா? அவளுடைய வழித்தோன்றல் இந்த அக்கா. இவளையும் அந்தச் சுவரையும் ஒரே பக்கத்தில் எழுதக்கூடிய எழுத்தாளனே நம் காலத்தின் முல்லைப்பாட்டை முடித்துவைப்பவன்.

அவனுக்கு முன்மாதிரி நம் மண்ணிலேயே உண்டு. மாசி மாதந் தொடங்கித் தோட்டந்தோறும் ஆடப்படும் காமன் கூத்தைச் சொல்கின்றோம். சிவனின் தவத்தைக் கலைக்கும்படி மன்மதனுக்கு ஓலை வருகின்றது. தீக்கனாக் கண்ட ரதி போகவேண்டாமென்று தடுக்கின்றாள், வழக்காடுகின்றாள். மேலிடத்துக் கட்டளைக்குப் பணிந்து அவன் போகின்றான், எரிந்து சாம்பலாகின்றான். ரதியின் புலம்பலுக்குப்பின் அவன் உயிர்பெற்று மீள்கின்றான். ஆனால் அவளுடைய கண்ணுக்கு மட்டுமே தெரிகின்றான். தமக்குச் சொந்தமில்லாத சண்டையில் ஏவப்பட்டு எரிந்து மீண்டவனின் கதையை நம் மக்கள் ஆண்டுதோறும் தப்படித்து ஆடிவந்திருக்கின்றனர். உலகம் காணாத அவனை ஒருத்தி மட்டும் கண்டுகொண்டு வாழவேண்டிய நிலையே அக்கூத்தின் உச்சத் துயரம் என்று நாம் கருதுகின்றோம். மீண்டவர்களின் மனைவியரும் தாய்மாரும் இன்று தனித்துச் சுமப்பது இதையேதான்.

இலக்கியத்தின் பணி அவளுடைய கண்ணை ஊரின் கண்ணாக்குவதாகும். அதற்கு எழுத்தாளன் லயத்துக்குள் நுழையவேண்டும். ஆசிரியர்களும் மாணவர்களும் அவனுக்கு வழிகாட்டவேண்டும். உயர்வகுப்பில் முல்லைப்பாட்டைப் பயிற்றும்போது 103ஆம் அடியோடு நூலை மூடிவிடாமல், அதன்பின் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று மாணவரைக் கேட்போம். விடை தெரிந்த மாணவர் நம் வகுப்புகளில் இருக்கின்றனர். அவர்கள் வீட்டிலேயே அதைக் கண்டவர்கள். எவர் பெயரையும் வெளிப்படுத்தாமல், எவர் புண்ணையும் கிளறாமல், அவர்கள் எழுதத் தொடங்குவார்களானால் பாட்டு வாயிலைக் கடந்து உள்ளே செல்லும். அவ்வாறு உள்ளே செல்லும் எழுத்து, அந்த வீட்டுக்கு உறுதி இருக்கின்றதா, மழைக்குக் கூரை ஒழுகுகின்றதா, அங்குள்ளவள் உறங்கி எத்தனை நாளாயிற்று என்பவற்றை ஒரே மூச்சிற் கேட்கட்டும்.